தலை தீபாவளிக்கு வைத்த சேவல்

மாமியார்கள் மருமகனோடு நேருக்கு நேர் பேசாத காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். நம் வயதுக்காரர்கள் வீட்டில் எல்லாம் அதற்கென்றே ஒரு கதவு இருந்தது. எங்கள் வீட்டில் அது அடுக்களைக் கதவு, பச்சை வண்ணம் அடித்தது. அத்தான் சாப்பிட உட்கார்ந்தால் அம்மா அந்தக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். புடவைத் தலைப்பின் ஒரு ஓரமும் கால் பெருவிரலும் மட்டும் வெளியே தெரியும். பரிமாறுவது அக்கா. பேச்சுக்கு நான். நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த வீட்டில் இருந்த ஒரே உத்தியோகம் அதுதான்.

“மாப்பிள்ளைக்கு ரசம் ஊத்தட்டுமான்னு கேளு.”

“ரசம் ஊத்தட்டுமாங்க அத்தான்?”

அம்மா சொன்னது அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும். இருந்தாலும் நான் சொல்லி முடிக்கும் வரை இலையையே பார்த்துக்கொண்டு காத்திருப்பார்.

“போதும்னு சொல்லு பாப்பா.”

“போதுமாம்மா!”

அப்பா அப்போது பிரான்சில் இருந்தார். கார் செய்யும் தொழிற்சாலையில் வேலை. சில வருடங்களுக்கு ஒருமுறை கோடையில் வருவார். பெட்டியைத் திறந்தால் சோப்பும் சாக்லேட்டும் கலந்த ஒரு வாசனை வீடு முழுக்கப் பரவும். அந்த வாசனை போவதற்குள் அவரும் போய்விடுவார். மற்றபடி காரைக்காலில் எங்கள் வீட்டில் எல்லாரும் பெண்கள்தான். அம்மா, அம்மாவின் அக்காவான பெரியம்மா, என் அக்கா, நான். கொல்லையில் நான்கு கோழிகள். அவையும் பெட்டைகள். ஆண் என்று இருந்தது ஒரு பழைய சேவல்தான்.

அக்காவுக்கு ஆவணியில் கல்யாணம் நடந்தது. அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. முகூர்த்தத்தைத் தள்ளிவைக்க மாப்பிள்ளை வீட்டில் விரும்பவில்லை. அதனால் எங்கள் தாய்மாமாதான் தாரை வார்த்துக் கொடுத்தார். அத்தானுக்குச் சொந்த ஊர் அம்பகரத்தூர். காரைக்காலில் அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. தினமும் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தார். ஆம்பிளை இல்லாத வீடு, மாப்பிள்ளை இங்கேயே இருக்கட்டும் என்று பெரியவர்கள் முன்னாலேயே பேசி வைத்திருந்தார்கள். அப்படித்தான் அவர் ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்குள் வந்தார். ஒல்லியாக, உயரமாக இருப்பார். சட்டையில் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். எந்த அறைக்குள் நுழைவதானாலும் வாசலில் நின்று ஒருமுறை கனைப்பார். உள்ளே யாரும் இல்லாவிட்டாலும் கனைப்பார்.

கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்கு எங்கள் கொல்லையில் இருந்த பழைய சேவலை அடித்துக் குழம்பு வைத்தார்கள். அத்தான் சாப்பிட்டுக் கை கழுவப் போனபோது பெரியம்மா கொல்லையில் நின்றுகொண்டிருந்தாள். பெரியம்மாவும் மாப்பிள்ளையோடு நேரே பேசமாட்டாள். ஆனால் அவளுக்குக் கதவு தேவைப்படவில்லை. அத்தானுக்குச் சொல்ல வேண்டியதைக் கோழிகளைப் பார்த்துச் சொல்லிவிடுவாள்.

“ஏண்டி, யாரத் தேடுறீங்க? ஒங்க வீட்டுக்காரரு இனிமே வரமாட்டாரு. அவரத்தான் இப்ப மாப்பிள்ளை சாப்ட்டுட்டுக் கை கழுவுறாரு.”

வேடிக்கையாகத்தான் சொன்னாள். அத்தான் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஊருக்குப் போய்த் திரும்பி வந்தபோது தோளில் ஒரு மஞ்சள் துணிப்பை தொங்கியது. பையின் வாயிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. சின்னக் கொண்டை, வெளிறிய சிவப்பு. பஸ்ஸில் இவர் நின்றுகொண்டு வர, ஒரு கிழவி பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தாளாம். வழியெல்லாம் அது கண்ணை மூடியே இருந்ததாம்.

“எங்க அம்மா குடுத்தாங்கன்னு சொல்லு பாப்பா,” என்றார்.

அம்மாவுக்கு உள்ளூரச் சந்தோஷம். சேவல் இல்லாமல் அடை வைத்த முட்டையெல்லாம் கூமுட்டையாகப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் பையிலிருந்து இறக்கியதும் அவள் முகம் மாறியது. கால் நீளம், உடம்பு இல்லை. வாலில் ஒரே ஒரு இறகு மட்டும் வளைய ஆரம்பித்திருந்தது. ஒரு காலைத் தூக்கி, எங்கே வைப்பது என்று யோசித்து, பிறகு மெதுவாக வைத்தது.

“இது என்ன, செருப்பு நனஞ்சிடுமேன்னு நடக்குற முசே மாதிரி நடக்குது,” என்றாள் பெரியம்மா, கோழிகளைப் பார்த்து. பிரஞ்சுக்கார துரைகளை எங்கள் ஊரில் முசே என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

அம்மா அதை அப்படியே கோழிகளுக்கு நடுவில் கொண்டுபோய் விட்டாள். சேவல்தானே, தானே பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தாள். எங்கள் கருப்புக்கோழியை நீங்கள் பார்த்ததில்லை. நொய் போட்டால் அது தின்று நிமிர்ந்த பிறகுதான் செவலை வாய் வைக்கும். அதற்குப் பிறகு புள்ளிக்கோழி. எல்லாருக்கும் கடைசியில் கழுத்து மொட்டை. கருப்பு, முசேயை மேலும் கீழும் பார்த்தது. ஓர் எட்டு எட்டி வைத்துக் கொண்டையில் ஒரே கொத்து. முசே கத்திக்கொண்டு ஓடித் துவைக்கிற கல்லுக்கு அடியில் புகுந்துகொண்டது. அன்று சாயங்காலம் வரை வரவில்லை. அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணில் படுத்துக் கையை விட்டு அதை வெளியே எடுத்தார். கொண்டையில் ரத்தம். நான் ஓடிப்போய் மஞ்சள் தூளும் தேங்காய் எண்ணெயும் கொண்டுவந்தேன். குழைத்துத் தடவினார். மஞ்சள் பூசிய தலையோடு அது அவர் கைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது இப்போதும் என் கண்ணில் இருக்கிறது. 

அவருக்கும் கோழி வளர்க்கத் தெரியாது. அவர்கள் வீட்டில் அதெல்லாம் அவர் அம்மாவின் வேலை. நாங்கள் இருவரும் தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொண்டோம். மறுநாள் ஆபீஸ் விட்டு வரும்போது ஒரு கொடாப்பு வாங்கி வந்தார். கோழிக் குஞ்சுகளின் மேல் கவிழ்த்து மூடுகிற பெரிய மூங்கில் கூடை. முசேயை அதற்குள் விட்டுக் கொல்லையின் நடுவில் வைத்தோம். சுற்றிலும் நொய்யைத் தூவினோம். உள்ளே அது தின்ன, வெளியே இவை தின்ன, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே தின்று பழகட்டும் என்பது எங்கள் திட்டம். நொய் வைத்திருந்தது அப்பா கொண்டுவந்த ஒரு பிஸ்கட் டப்பாவில். மூடியில் பனிமலையும் சிவப்புக் கூரை போட்ட ஒரு வீடும் வரைந்திருக்கும். அந்த வீட்டில்தான் அப்பா இருக்கிறார் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். டப்பாவைக் குலுக்கினால் நான்கு கோழிகளும் இறக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும். முசே மட்டும் கூடையின் மறு ஓரத்துக்குப் போகும். கருப்பு, மூங்கில் சந்து வழியாகக் கழுத்தை நீட்டி அதன் பங்கையும் தின்றுவிட்டுப் போகும்.

சில நாள் கழித்துக் கொடாப்பைத் தூக்கினோம். அதற்கு முன்னால் சுவரில் இரண்டு தென்னங்கீற்றுகளைச் சாய்த்து வைத்தார் அத்தான்.

“எதுக்கு அத்தான்?”

“தொரத்துனா ஓடி ஒளியறதுக்கு ஒரு எடம் வேணும்ல பாப்பா. புது எடம்.”

நொய்யையும் இரண்டு இடத்தில் போட்டோம். கருப்பு ஓரிடத்தில் தின்றுகொண்டிருக்கும்போது முசே மறு இடத்துக்குப் போகலாம். அப்படியும் பயந்துகொண்டுதான் வரும். ஒருநாள் கழுத்து மொட்டை, யார் பக்கமும் போகாமல், நடுவில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. பிறகு முசே நின்ற பக்கம் போய்த் தின்ன ஆரம்பித்தது. அதற்குப் பிறகு இரண்டும் ஒரே கீற்றுக்குக் கீழே படுத்தன. அத்தான் முதன்முதலாக எங்கள் வீட்டில் சத்தம் போட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். உள்ளேயிருந்து அக்கா ஓடிவந்து என்ன என்று பார்த்தாள்.

அடுக்களையில் நிலைமை வேறு. அம்மாவுக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது.

“ரெண்டு கரண்டி சோத்தோட எந்திரிச்சிடறாரு. நம்ம வீட்டுச் சாப்பாடு அவருக்கு எறங்கல போலருக்கு.”

“மொகத்துல ஒரு சிரிப்பு இல்ல. வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, வாயத் தொறக்கல,” என்றாள் பெரியம்மா.

“வேத்து மனுசரு வீடுன்னு நெனக்கிறாரு. கொஞ்ச நாள்ல இவள அழச்சிக்கிட்டு ஊரோட போயிடுவாரு பாரு.”

அம்மா மீனை மாற்றிப் பார்த்தாள். இஞ்சியைக் குறைத்துப் பார்த்தாள். கொடுவா மீன் குழம்பு வைத்த அன்றுகூட அத்தான் அதே அளவுதான் சாப்பிட்டார். அக்காவைக் கேட்கச் சொன்னாள். அக்கா கேட்டதற்கு, பசியில்லை என்றாராம். அதைச் சொல்லும்போதே அக்காவின் கண் கலங்கிவிட்டது. அப்போது அவளுக்கு எவ்வளவு பயமாக இருந்திருக்கும் என்பது எனக்குக் கல்யாணமான பிறகுதான் புரிந்தது.

நான்தான் ஒருநாள் கொல்லையில் வைத்து நேராகக் கேட்டேன். யாரும் கேட்கச் சொல்லவில்லை.

“அம்மா சமையல் நல்லாருக்காதா அத்தான்?”

அவர் திடுக்கிட்டுப் போனார். “யாரு சொன்னா? இப்படி ஒரு சாப்பாடு நான் சாப்ட்டதே இல்ல பாப்பா.”

“அப்பறம் ஏன் கொஞ்சமா சாப்புடுறீங்க?”

கொஞ்ச நேரம் கொடாப்பின் மூங்கிலைத் தடவிக்கொண்டிருந்தார். “பானையில எவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியாதே. எனக்கப்பறம் நீங்க நாலு பேரு சாப்புடணும். எங்க வீட்டுல அப்பா, நாங்க எல்லாம் சாப்ட்டு எந்திரிச்சதுக்கு அப்பறம் அம்மா உக்காரும். ஒருநா அடுக்களையில எட்டிப் பாத்தேன், வெறும் பானையில தண்ணி ஊத்திக் குடிச்சிக்கிட்டிருந்திச்சு. அதுலேருந்து எங்கயும் என்னால வயிறு முட்டச் சாப்புட முடியறதில்ல.”

எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. சரி என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டேன்.

ஐப்பசி பிறந்தது. முசே இன்னும் கூவவில்லை. ஒருநாள் விடியற்காலையில் ‘க்ர்ர்’ என்று ஏதோ முயன்று பார்த்தது. கருப்பு திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டது. அம்மா முடிவு செய்துவிட்டாள்.

“இது தேறாது. தீபாவளிக்கு அடிச்சிடலாம்.”

அது அத்தானுக்குத் தலை தீபாவளி. மாப்பிள்ளைக்குக் கறி போடாமல் முடியுமா? அவர் கொண்டுவந்த சேவலையே அவருக்குக் குழம்பு வைப்பது யாருக்கும் தப்பாகப் படவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. தலை தீபாவளிக்கு மாப்பிள்ளையை அழைக்க வேண்டும். வீட்டிலேயே இருக்கிறவரை எங்கிருந்து அழைப்பது? பெரியம்மாவும் அம்மாவும் வெகுநேரம் பேசி வழி கண்டுபிடித்தார்கள். மாப்பிள்ளை மூன்று நாள் முன்னதாக அம்பகரத்தூர் போய்விட வேண்டும். தாய்மாமா அங்கே போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். பிறகு அவர் முறைப்படி வர வேண்டும். அக்காவும் கூடப் போய்க் கூடத் திரும்ப வேண்டும். இதையெல்லாம் நான்தான் அத்தானிடம் போய்ச் சொன்னேன். அவர் மறுபேச்சு பேசாமல் பெட்டியை எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது கொல்லைக்கு வந்து கீற்றுக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

“இதத்தான் அடிக்கப் போறாங்களா பாப்பா?”

“ஆமாங்க அத்தான்.”

“அவங்க கோழி, அவங்க இஷ்டம்,” என்றார். அவர் போய் வெகுநேரம் கழித்து அழுதேன்.

தீபாவளிக்கு முதல் நாள் காலையிலிருந்து மழை. மத்தியானத்துக்கு மேல் விட்டு, சுள்ளென்று வெயில் அடித்தது. அம்மா அடுக்களையின் பின்வாசலில் அடுப்பை வைத்து அதிரசம் தட்டிக்கொண்டிருந்தாள். பெரியம்மா எண்ணெயில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். வெல்ல வாசனையும் நனைந்த மண் வாசனையும் கலந்து மூக்கில் ஏறியது. அப்போது துவைக்கிற கல்லை ஒட்டிச் சுவரடியில் இருந்த ஒரு பிளவிலிருந்து ஈசல் கிளம்பியது. புகை மாதிரி கிளம்பி, இறக்கை உதிர்ந்து, தரையெல்லாம் ஊர்ந்தது.

முதலில் பார்த்தது முசேதான். அதன் இடம் அந்தக் கல்லடிதானே. ஓர் ஈசலைக் கொத்தி எடுத்தது. தின்னவில்லை. கீழே போட்டது. மறுபடி எடுத்தது, மறுபடி போட்டது. தொண்டைக்குள்ளிருந்து ‘டுக், டுக், டுக்’ என்று ஒரு சத்தம் வந்தது. அதுவரை அதனிடம் நாங்கள் கேட்டிராத சத்தம். கழுத்து மொட்டை ஓடிவந்து அதைத் தின்றது. முசே இன்னொன்றை எடுத்துப் போட்டுக் கூப்பிட்டது. புள்ளிக்கோழி வந்தது. செவலை வந்தது. கடைசியில் கருப்பும் வந்து நின்றது. முசே ஒரு நிமிடம் ஆடாமல் நின்றது. பிறகு வாயில் இருந்த ஈசலைக் கருப்பின் காலடியில் வைத்துவிட்டு ஓர் அடி பின்னால் போய் நின்றது. கருப்பு அதைத் தின்றது. கொத்தவில்லை.

அம்மா கையில் மாவோடு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“பைத்தியம் புடிச்ச சேவ. தான் ஒண்ணு திங்க மாட்டேங்குதே.”

“அத்தான் மாதிரி,” என்றேன்.

“என்னடி ஒளறுற?”

நான் சொன்னேன். பானையில் எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது என்பதை, நாங்கள் நாலு பேர் சாப்பிட வேண்டும் என்பதை, அவர் அம்மா வெறும் பானையில் தண்ணீர் ஊற்றிக் குடித்ததை. சொல்லச் சொல்ல அம்மாவின் முகத்தைப் பார்த்து நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று நினைத்து நிறுத்தினேன்.

“இத ஏண்டி இத்தன நாளாச் சொல்லல?”

“நீ கேக்கச் சொல்லலியே.”

எண்ணெயில் அதிரசம் கருகியது. பெரியம்மா அதை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், புகை என்று சொல்லி. கொஞ்ச நேரம் கழித்து, “நாளைக்குக் கறிக்கு என்னடி பண்றது?” என்றாள்.

“ஆட்டுக்கறி வாங்கிக்கலாம். அது கெடக்கட்டும், நல்ல சேவ.”

சாயங்காலம் அத்தானும் அக்காவும் வந்து இறங்கினார்கள். இரண்டு நாள் முன்னால் இதே வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு போனவரை நிற்கவைத்து ஆரத்தி எடுத்தார்கள். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அத்தான் உள்ளே வந்ததும் நேராகக் கொல்லைப் பக்கம் பார்த்தார். முசே, கருப்புக்கு அடுத்ததாக நின்று நொய் தின்றுகொண்டிருந்தது. அவர் கனைக்கக்கூட மறந்து போனார்.

மறுநாள் எண்ணெய்க் குளியல் முடிந்து, புது வேட்டி கட்டி அத்தான் இலை முன் உட்கார்ந்தார். தெருவில் வெடிச் சத்தம். கோழிகள் எல்லாம் ஒரே கீற்றுக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டிக்கொண்டிருந்தன. இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் வந்தன. வழக்கமான அளவு வந்ததும் அவர் இலைக்கு மேல் கையைக் காட்டினார்.

“போதும்னு சொல்லு பாப்பா.”

நான் கதவுப் பக்கம் திரும்பினேன். கதவுக்குப் பின்னால் யாரும் இல்லை. அம்மா இட்லிக் குண்டானையே தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டாள். அத்தான் முன்னால் கொண்டுவந்து ‘ணங்’ என்று வைத்து மூடியைத் திறந்தாள். ஆவி அவர் முகத்தில் அடித்தது.

“பாருங்க மாப்பிள்ளை. இது ரொம்ப இருக்கு. உள்ள இன்னொரு ஈடு வெந்துக்கிட்டிருக்கு. எங்களுக்குன்னு ஒண்ணையும் மிச்சம் வைக்காதீங்க. வயிறு நெறயச் சாப்புடுங்க.”

அத்தானின் காது நுனி சிவந்துவிட்டது. அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். “சரிங்க அத்தை,” என்றார்.

அன்று அவர் சாப்பிட்ட இட்லியைப் பெரியம்மா எண்ண ஆரம்பித்து நடுவில் விட்டுவிட்டாள். நாங்களும் அங்கேயே சுற்றி உட்கார்ந்து அவரோடேயே சாப்பிட்டோம். என் உத்தியோகம் அன்றோடு போயிற்று. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் குழம்பு நன்றாக இருந்தது.

முசே கார்த்திகையில் கூவியது. உடைந்த குரல்தான். போகப் போகத் தெரு முழுக்கக் கேட்க ஆரம்பித்தது. மாசியில் கருப்பு அடையிலிருந்து குஞ்சுகளோடு இறங்கியது. அவற்றில் பாதிக்கு நீளக் கால்.

சித்திரையில் அப்பா லீவில் வந்தார். மருமகனை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார். முதல் நாள் கோட்டும் சூட்டுமாக இறங்கியவர், மறுநாள் விடிந்ததும் பூப்போட்ட டவலைத் தோளில் போட்டுக்கொண்டு பல் துலக்கக் கொல்லைக்குப் போனார். அடுத்த நிமிடம் அவர் அலறல் கேட்டது. நாங்கள் எல்லாரும் ஓடினோம். அப்பா துவைக்கிற கல்லின்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். கீழே முசே, கழுத்து இறகெல்லாம் சிலிர்த்து, அவரைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதற்குப் பின்னால் நான்கு பெட்டைகளும் குஞ்சுகளும் நின்று வேடிக்கை பார்த்தன.

“யாரு வீட்டுச் சேவ இது? தொரத்துங்க!”

அம்மா பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

“நம்ம வீட்டுச் சேவதாங்க. அதுக்கு நீங்கதான் புது ஆளு.”

அத்தான் ஒரு பிடி நொய்யை எடுத்துக்கொண்டு போய் அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார்.

“கல்லு மேலயே உக்காந்து கொஞ்சம் கொஞ்சமாப் போடுங்க மாமா. அவசரப்பட்டு எறங்கிடாதீங்க. ரெண்டு மூணு நாளாவும். பழகிடும்.”

அன்று காலைக் காப்பியை அப்பா அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்துதான் குடித்தார்.